பூட்டிய பாடங்களைத் தேடித் திண்டிவனத்துக்கு

திண்டிவனத்துக்குள் போகாத பேருந்தில் ‘திண்டிவனம்’ என்று எதற்குப் பலகை மாட்டுகிறார்கள்? மூன்று நாள் அந்தப் பக்கம் அலைந்துவிட்டு வந்தும் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஏறும்போது கேட்டேன், கண்டக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கியும் விட்டேன். திடீரென்று விசில் சத்தம். கண்ணைத் திறந்தால் நெடுஞ்சாலை, மேம்பாலம், வெயில்.

“திண்டிவனம் எறங்குமா, எறங்கு.”

“ஊர் எங்கே?”

“ஊரு உள்ள இருக்குது. வண்டி உள்ள போவாது. பைபாஸ்தான்.”

“போர்டுல திண்டிவனம்னு போட்டிருக்கே?”

“போர்டுல போடுவாங்கமா. ஜல்தியா எறங்கு, பின்னாடி இருக்கறவன் ஆரன் அடிச்சிகினு இருக்கான்.”

எனக்கு முன்னால் என் பெட்டி இறங்கியது, ஒரு சக்கரத்தைப் பேருந்திலேயே விட்டுவிட்டு. எங்கள் கிள்ளானில் பேருந்து தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். ஆனால் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிற ஊருக்குள் போகாத பேருந்தை மலேசியாவில் நான் பார்த்ததில்லை.

மேம்பாலத்துக்கு அடியில் ஓர் அம்மாள் கூடையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். “மல்லாட்டை வாங்கிக்கமா, சூடா இருக்குது” என்றார். மல்லாட்டை என்றால் கடலை என்று வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது. உப்பு சரியாக ஏறியிருந்தது. பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிக் கோபத்தைப் பார்த்து அந்த அம்மாளே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, “இந்தம்மாவ பழைய பஸ் ஸ்டாண்டாண்ட வுட்டுடு. காலைலேந்து எட்டாவது ஆளு, பாவம்” என்று ஏற்றிவிட்டார்.

இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியதே கோபத்தில்தான். சித்தப்பா மகளின் கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தேன். புடவைக் கடை, நகைக் கடை, மறுபடியும் புடவைக் கடை என்று வீடே அலைந்துகொண்டிருந்தபோது, எனக்கு மூன்று நாள் விடுப்பு கொடுங்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். எதற்கு என்று கேட்டார்கள். “திண்டிவனத்தில் ஒரு வீடியோ திறக்க மாட்டேங்குது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். என் தொழிலே அதுதான். தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் இருபது வருஷமாக வீடியோவைச் சுருக்கும் வேலை பார்க்கிறேன். எடுத்தபடியே வைத்தால் வீடியோ ஏகப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இணையத்தில் அனுப்பவே முடியாது. அதனால் மடிக்க வேண்டும், புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. மடித்த முறை தெரிந்தவர்தான் பிரிக்க முடியும். சில நிறுவனங்கள் அந்த மடிப்பு முறைக்கே காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு, மடிக்கவும் கட்டணம், பிரிக்கவும் கட்டணம் என்கின்றன. இன்னும் சிலர் முறையையே வெளியில் சொல்வதில்லை. புடவை என்னுடையது, பெட்டி என்னுடையது, பிரிப்பதற்கு மட்டும் அவர்கள் வர வேண்டுமாம். நல்லா இருக்கே கதை!

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. யாரும் கட்டணமில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய திறந்த முறைகள் வந்து வருஷக்கணக்காகிறது. செய்முறை முழுவதும் வெளியிலேயே கிடக்கிறது, பிரவுசர் இருக்கிற சாதாரண ஃபோனே திறந்து காட்டிவிடும். கோப்பின் பெயர் ‘வெப்எம்’ என்று முடிந்தால் இந்த ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். இதை மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற ஓர் இணையக் குழுவில் நானும் இருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து ஸ்டெல்லா என்ற டீச்சர் எங்களுக்கு எழுதியது அந்தக் குழுவில்தான். ஒரு கோப்பை அனுப்பி, “இதைத் திறக்க முடியுமா? என் பிள்ளை ஒருத்தி பரீட்சைக்குப் போக வேண்டும்” என்று கேட்டிருந்தார். என்னால் முடியவில்லை. பூட்டியிருந்தது.

பழைய பேருந்து நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார் ஸ்டெல்லா. முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறார். அவருடைய அம்மா இன்றும் அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கப் போகிறார். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது இவர்தானாம். வந்தவுடன் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “பைபாஸ்ல தள்ளிட்டானா அக்கா?” என்றார்.

சாப்பிட ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் களியை மென்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் பொறுக்க முடியாமல், “மெல்லாதமா, முழுங்கு” என்றார். முழுங்கினேன். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போய் வயிற்றில் நின்றது. ஊரில் தினமும் நெத்திலிக் கருவாடு வைத்த நாசி லெமாக் சோறு தின்று வளர்ந்த நாக்குக்குக் கருவாட்டு வாசனை ஒன்றும் புதிதில்லை. இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

களியை முழுங்கிக்கொண்டே கதையைக் கேட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் கஷ்டமான பதினான்கு பாடங்களை ஸ்டெல்லா சைகை மொழியில் நடத்த, விழுப்புரத்துக் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் படம் எடுத்தார். பிறகு ஒரு ஸ்மார்ட் கிளாஸ் கம்பெனி வந்தது. பேரை நான் எழுதப் போவதில்லை, எழுதினால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். எடுத்ததை எடுத்தபடியே கொடுங்கள், பாடங்களை எங்கள் ஆப்பில் போட்டுத் தருகிறோம், பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஃபோனில் பார்க்கலாம் என்றார்கள். போட்டார்கள். பிள்ளைகளும் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒப்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து எந்தப் பாடத்தைத் தொட்டாலும் மேலே பாடத்தின் பெயர், கீழே ஒரு பூட்டுப் படம், அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஸ்டெல்லா நேரிலேயே நடத்திவிடுவார். சிக்கல் திவ்யாவுக்குத்தான். மண்டகப்பட்டுப் பெண். தம்பிக்கு முதலில் அம்மை போட்டு, அது இறங்குவதற்குள் இவளுக்கும் போட்டுவிட்டது. மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறாள். அந்தப் பதினான்கு பாடங்களும் அவள் இன்னும் படிக்காதவை. பரீட்சைக்கு ஏழு நாள் இருந்தது.

“புத்தகம் இருக்குமே?” என்று கேட்டேன்.

“இருக்குது அக்கா. ஆனா அவளுக்குத் தாய்மொழி சைகைதான். தமிழே அவளுக்கு ரெண்டாவது மொழி. அந்தப் புத்தகத்துத் தமிழ் உங்களுக்கே புரியாது.”

“வீடியோ கால்?”

“பண்ணிப் பாத்துட்டேன். அந்த ஊர்ல ஒரு கோடு சிக்னல்தான். விரல் எல்லாம் கட்டம் கட்டமா ஒடையுது. நான் அஞ்சு விரல் காட்னா அவளுக்கு மூணு தெரியுது. நமக்கு விரல் போனா பேச்சே போச்சு.”

மாலையில் பள்ளிக்குப் போனோம். சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஸ்டெல்லா அறிவியல் நோட்டுகளைக் காட்டினார். இதயம், பூவின் குறுக்குவெட்டு, மின்மோட்டார், எல்லாம் பென்சிலில் நிழல் போட்டு, அம்புக்குறி இழுத்துப் பாகம் குறித்து, அச்சடித்த மாதிரி இருந்தன. “எங்க பசங்க படத்துல மார்க்க அள்ளிடுவாங்க அக்கா. ஸ்கிரீன்ல என்னா வருதோ, அது நோட்டுல வந்தாவணும். புரியுதோ புரியலையோ, மொதல்ல எழுதி வரைஞ்சு வெச்சிடணும். இது என் கண்டிஷன்.” எனக்கு அந்த வயதில் இப்படி ஒரு பூ வரைய வந்ததில்லை.

கம்பெனி பாடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது. கொடுத்திருக்கிறது, ஒரு டிவிடித் தட்டில். தட்டில் பதினான்கு கோப்புகளும் இருக்கின்றன. அவர்களுடைய சொந்த மடிப்பில், அவர்களுடைய பிளேயரில் மட்டுமே திறக்கும்படி. பிளேயரைத் திறந்தால் சாவி எண் கேட்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்டெல்லா அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். இருபது நிமிஷம் இசை. பிறகு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், தேன் ஒழுகப் பேசியது. அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “மேடம், கோப்புகள் உங்களுடையவைதான். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஃபார்மட் மட்டும்தான் எங்களுடையது.”

யார் அப்பன் வீட்டுக் கை அது? ஸ்டெல்லாவின் கை. ஸ்டெல்லாவின் பாடம். அவர் காசு கொடுத்து வாங்கிய நீலப் புடவைகூட அந்தக் கோப்புக்குள் இருக்கிறது. ஃபோனை வாங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று கையை நீட்டுவதற்குள் இசை மறுபடியும் தொடங்கிவிட்டது.

ஆக, மிஞ்சியது படம் எடுத்த விழுப்புரத்துக்காரர் ஏழுமலை ஒருவர்தான். பாடங்களை வெப்எம்மாக மாற்றி வைக்கும்படி அன்றிரவே அவரிடம் ஃபோனில் சொல்லிவைத்தேன்.

இரண்டாம் நாள் காலை விழுப்புரம். ஏழுமலையின் ஸ்டுடியோ ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. சுவர் முழுக்க மணமக்கள். ஏழுமலைக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள், வாய் நிறையச் சிரிப்பு. “மலேசியா அம்மாவா! உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்லு” என்று மாடியிலிருந்தே கீழே கத்தினார்.

அவர் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. ஆப் பூட்டிக்கொண்டதும் ஸ்டெல்லா இவரைத்தான் கேட்டிருக்கிறார். இவரும் அன்றைக்கே பதினான்கு பாடங்களையும் பெரிய வீடியோ தளம் ஒன்றில் ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் எல்லாம் காணாமல் போயின. காரணம், பாட்டுக்கு உரிமை இல்லை என்று புகாராம். சைகைப் பாடத்தில் ஏது பாட்டு?

“நான்தான் போட்டேன்” என்றார் ஏழுமலை, ஒளிவுமறைவே இல்லாமல். “சவுண்டே இல்லாம எப்படிமா வீடியோ குடுக்கறது? ஒரு நல்ல மெலடியா பாத்து, பாடத்துக்கு ஒண்ணுன்னு பதினாலு போட்டேன்.”

“ஏங்க, பார்க்கப் போற பிள்ளைகளுக்குக் காது கேட்காதே!”

“அவங்க அப்பா அம்மாவுக்குக் கேக்குமே!” என்றார். “வூட்ல போட்டுப் பாப்பாங்க. ஊமப் படமாட்டம் இருந்தா, ஏழுமலை வேலையே செய்யல, சும்மா கேமராவ வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான்னு சொல்லுவாங்க. இருவத்தஞ்சு வருசமா பாட்டு இல்லாம ஒரு வீடியோ எங்கிட்ட இருந்து போனதில்லமா.”

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அந்தத் தளத்தின் மேல்தான் ஆத்திரம் வந்தது. கேட்கவே முடியாத பிள்ளைகளின் பாடத்தை, அவர்கள் ஒருநாளும் கேட்கப் போகாத பாட்டுக்காகத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? புகார் கொடுத்ததும் இயந்திரம், தீர்ப்புச் சொன்னதும் இயந்திரம். சத்தத்தை மட்டும் நிறுத்தியிருக்கலாமே, பாவிகளா!

ஏழுமலை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, விபூதி கொடுப்பது போல் என் கையில் வைத்தார். “நீங்க ஃபோன்ல கேட்டாமாரியே வெப்எம்மா மாத்திட்டேன். பதினாலும் இருக்குது.”

என் கணினியில் போட்டேன். பதினான்கு பெயர்களும் வெப்எம் என்று முடிந்தன. ஒன்றுகூட வெப்எம் இல்லை. மனிதர் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் அழித்துவிட்டு, நான் சொன்னதைத் தட்டி வைத்திருக்கிறார்.

“கல்யாண வூட்ல டிவில எடுக்கலன்னு வருவாங்க. பேர மாத்திக் குடுத்தா பாதிப் பேருக்கு எடுத்துடும்மா” என்றார் அப்பாவியாக. திண்டிவனம் பலகை மாட்டிய பேருந்து எனக்கு ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, பெயரை மாற்றினால் என்ன, உள்ளே இருப்பதை நான் ஒழுங்காக மடித்துக்கொள்கிறேன், பாட்டைக் கழற்றி எறிகிறேன் என்று முதல் பாடத்தை ஓடவிட்டேன். ஸ்டெல்லா வந்து நின்றார். அவரைச் சுற்றி ரோஜாப்பூச் சட்டம். இதய வடிவத்தில் மின்மினிகள். ஸ்டெல்லாவின் இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்கும் சிவப்புப் பட்டையில் ஏழுமலையின் ஸ்டுடியோ பெயர், முகவரி, ஃபோன் எண், ‘திருமணம், மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. கை இரண்டும் அந்தப் பட்டைக்குப் பின்னால் போய்விட்டன. அவ்வப்போது ஒரு கட்டை விரல் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது.

ஸ்டெல்லா இதை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார். “அண்ணா, என் கை எங்க?” என்றார் சன்னமாக.

ஏழுமலை இரண்டு மூக்குக் கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. “மொகம் தெரியுதான்னுதான் பாப்போம் டீச்சர். கல்யாணத்துல யாரும் கையப் பாக்க மாட்டாங்க” என்றார். பிறகு உடனே, “எடுத்தது அப்படியே ஹார்ட் டிஸ்க்ல இருக்குது. ஒண்ணும் தொடாம இருக்குது. இதோ குடுத்துடறேன்” என்று கணினியின் பொத்தானை அழுத்தினார்.

அழுத்தினார், மின்விசிறி நின்றது. அன்றைக்கு விழுப்புரத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் கிடையாது.

“பேஜாருதான்” என்றார் ஏழுமலை. “அஞ்சு மணிக்கு டான்னு வந்துடும்.”

ஜெனரேட்டர்? அது ஓமந்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுங்கள் என்றேன். கல்யாண சீசனில் கழற்ற மாட்டேன் என்று சாமி படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். அதில் பதினொரு மணப்பெண்கள் இருக்கிறார்களாம்.

எட்டு மணி நேரம் விழுப்புரத்தில் வியர்த்தோம். ஜங்ஷன் வாசலில் மூன்று டீ. கையேந்தி பவனில் தக்காளி சாதம். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருமுனையில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டு, அரை மணி நேரம் ஊரே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. எங்கள் ஊரில் மின்சாரம் போனால் யாருக்கும் காரணம் தெரியாது. இங்கே டீக்கடைக்காரரிலிருந்து செருப்புத் தைப்பவர் வரை எந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் வேலை, யார் மேலே ஏறியிருக்கிறார் என்று சொன்னார்கள். அதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஸ்டெல்லா மட்டும் எதிலும் ஒட்டாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “இன்னிக்குப் போனா ஆறு நாளு அக்கா. ஒரு நாளைக்கு மூணு பாடம் பாத்தாக்கூட முடிச்சிடுவா” என்று இரண்டு முறை சொன்னார்.

ஐந்து மணிக்கு டான் என்று வந்தது மின்சாரம். ஏழுமலை தொடாமல் வைத்திருந்த பதினான்கு பாடங்களும் கிடைத்தன. பூ இல்லை, பாட்டு இல்லை, பட்டை இல்லை. ஸ்டெல்லாவின் பத்து விரலும் இருந்தன. ஏழுமலை காசு வாங்க மறுத்துவிட்டார். கிளம்பும்போது மட்டும் ஏக்கமாக, “கடைசில ஒரே ஒரு செகண்டு என் பேரு போடக் கூடாதாமா?” என்று கேட்டார். போட்டிருக்கிறேன். படிப்பவர்கள் யாராவது அந்தப் பாடங்களைப் பார்க்க நேர்ந்தால், முடிவில் வரும் பெயர் அவருடையதுதான்.

அன்றிரவு என் கணினி திண்டிவனம் விடுதி அறையில் பாடங்களை மடித்துக்கொண்டிருந்தது, நான் தூங்கினேன். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, விரல் இடுக்கு வரை தெளிவாகத் தெரிந்தது. பள்ளியின் சொந்த இணையப் பக்கத்திலேயே ஏற்றினோம். ஆப் கிடையாது, சாவி கிடையாது, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ கிடையாது. முகவரியைத் தட்டினால் படம் ஓடும். இவ்வளவு எளிதான ஒன்றுக்கு ஒரு பள்ளிக்கூடத்தை மூன்று வாரம் கையேந்த வைத்தார்களே என்று காப்பி குடிக்கும்போது மறுபடியும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் மண்டகப்பட்டு. இணையத்தில் ஏற்றியாயிற்றே, ஃபோனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். “சிக்னல நம்ப முடியாது அக்கா. ஓடலன்னா கார்டுல போட்டுக் குடுத்துட்டு வந்துடலாம். அவள நேர்ல பாத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார் ஸ்டெல்லா. ஒரு மெமரி கார்டிலும் பாடங்களை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியில் பஞ்சர். பஞ்சர் போடுகிறவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், அவர் மனைவி வந்து ஒட்டிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே பல்லவ அரசன் பாறையைக் குடைந்து கட்டிய கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறானாம். நிறுத்திப் பார்க்க நேரமில்லை. அவன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் போய்ப் படிக்கிறார்கள், சந்தா கட்டச் சொல்லி யாரும் நிறுத்துவதில்லை என்று ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

திவ்யாவின் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அவள் அம்மா அஞ்சலை ஓடி வந்து தெருவிலேயே எங்களை நிறுத்தினார். “வாங்க டீச்சர். உள்ள வராதீங்க, கோச்சிக்காதீங்க. இன்னும் தண்ணி ஊத்தல. நாளைக்குத்தான்.” தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாட்கள் வீட்டுக்குள் வரக் கூடாது, வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது. எதிர்ப்பக்கம் புளிய மரத்தடியில் நின்றோம்.

திவ்யா வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் காய்ந்த கொப்புளம், கையில் ஒரு வேப்பங்கொத்து. ஸ்டெல்லாவைப் பார்த்ததும் கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை இரண்டையும் தூக்கினாள். தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். நடுவில் மாடு போயிற்று, டிராக்டர் போயிற்று, அவர்கள் பேச்சு நிற்கவில்லை. நானும் அஞ்சலையும் பக்கத்தில் நின்று பேசிய பேச்சுதான் டிராக்டர் சத்தத்தில் காணாமல் போயிற்று.

அஞ்சலை கணவரின் ஃபோனைத் திவ்யாவிடம் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் குறுக்கே விரிசல். ஸ்டெல்லா இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கையில் காட்ட, திவ்யா அந்த முகவரியைத் தட்டினாள். ஒரு கோடு சிக்னல். சக்கரம் சுற்றியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இருபது வருஷத் தொழிலில் இப்படி நின்றதில்லை. திவ்யா சட்டென்று நிமிர்ந்து சிரித்தாள். கையை அசைத்தாள்.

“ஓடுது அக்கா!” ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “விரல் தெரியுதான்னு கேட்டேன். நகம்கூடத் தெரியுதாம். ‘நீலப் புடவை நல்லா இருக்கு’ங்கறா.”

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்டையும் கொடுத்தோம், சிக்னல் போனாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன்.

அப்போது திவ்யா வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி கையைத் தூக்கினாள். உள்ளே போய் அறிவியல் நோட்டை எடுத்து வந்து, எங்களுக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தாள்.

பக்கத்தின் மேலே பாடத்தின் பெயர் தமிழில். நடுவில் ஒரு பூட்டு. பென்சிலில் நிழல் போட்டு, வளையம், சாவித் துளை எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்து அம்புக்குறி இழுத்துப் பாகம் குறித்திருந்தாள். கீழே இரண்டு வரி ஆங்கிலம். தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எழுத்து தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சந்தா முடிந்துவிட்டது, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்பதுதான். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பாடம், அதே பூட்டு. அடுத்த பக்கம். அடுத்த பக்கம். பதினான்கு பக்கம் திருப்பினாள்.

“ஆப்பு பூட்டிப் போச்சுன்னு நான் அன்னிக்கே ஃபோன்ல சொன்னேனே, சொல்லலையாமா நீங்க?” என்று ஸ்டெல்லா அஞ்சலையைக் கேட்டார்.

“அத்த அதுக்குக் கைல எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல டீச்சர்” என்றார் அஞ்சலை. “சாப்புடு, தூங்கு, தண்ணி, மாடு, இதான் எனக்கு வரும். டெய்லி சாயங்காலம் ஃபோன வெச்சிகினு எழுதிகினே இருந்துச்சு. படிக்குதுன்னு இருந்துட்டேன்.”

திவ்யா கையை அசைத்து ஏதோ கேட்டாள்.

“என்ன கேட்கிறாள்?” என்றேன்.

“பதினாலும் மனப்பாடம் ஆயிடுச்சாம். இந்தப் படத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேக்கறா அக்கா.”

அந்தத் தேன் குரல்காரியை அந்த நிமிஷம் அந்தப் புளிய மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல் இருந்தது. ஃபார்மட் மட்டும்தான் உங்களுடையதா? இதோ, உங்கள் ஃபார்மட். காய்ச்சலோடு உட்கார்ந்து ஒரு பிள்ளை நிழல் போட்டு வரைந்து வைத்திருக்கிறது, வந்து மார்க் போடுங்கள்.

ஸ்டெல்லா மெதுவாகக் கையைத் தூக்கி, அது பாடம் இல்லை என்று சொன்னார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. திவ்யாவின் முகத்திலேயே தெரிந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள், ஸ்டெல்லாவைப் பார்த்தாள், மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஸ்டெல்லா அதை எனக்குச் சொன்னார்.

“‘அப்புறம் ஏன் உங்க எடத்துல அத வெச்சாங்க?’ன்னு கேக்கறா.”



திவ்யா வாசற்படியில் உட்கார்ந்து, பூட்டுப் பக்கங்களைக் கிழிக்காமல் அப்படியே ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, புதுப் பக்கத்தில் ‘பாடம் ஒன்று’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.